ஏலத்துக்கே ஏலம் போடுற ஊர்லேர்ந்து ஒரு கேள்வி: ஜடேஜாவை விட்டது சரியா?

1/
போன வாரம் ஓபி. பி.பி. மாத்திரை வாங்க வந்த ஒரு ஐயா. தினமும் விடியக்காலை ஜீப் ஏறி போடிமெட்டு வழியா மலைக்குக் காய் எடுக்கப் போறவர். மேல மஞ்சள் பனியன், முதுகுல 8-ஆம் நம்பர். பி.பி. கொஞ்சம் ஏறியிருந்தது. "என்னங்கய்யா, மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"ன்னு கேட்டேன். "மாத்திரையெல்லாம் போடுறேன் சார். ஜடேஜாவ வித்துப்புட்டாய்ங்களே, அதுக்கு என்ன மாத்திரை?"ன்னார்.

2/
அவருக்கு அந்த நேரத்துல பதில் சொல்ல முடியல, பின்னாடி வரிசை நின்னுச்சு. அதனால இந்த இழை. ஒரு நல்ல ஆட்டக்காரரை வச்சுக்கறதா, இல்ல அவரை விட்டு கைப்பணத்தை மிச்சம் பிடிக்கறதா? சென்னை சூப்பர் கிங்ஸ் 2008-லிருந்து இந்தக் கேள்விக்கு அஞ்சாறு தடவை பதில் எழுதியிருக்கு. ஒவ்வொரு பதிலையும் எடுத்துப் பார்ப்போம். கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுக்கிட்டு வாங்க.

3/
முதல்ல நம்ம ஊர்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். தமிழ்ல ஏலம்னா ரெண்டு அர்த்தம். மலையில விளையுறதும் ஏலம், விலை கூவுறதும் ஏலம். போடியில ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்துல ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ நடக்குது. அங்க ஒரு நியாயம் இருக்கு. விலை கட்டலைன்னா விவசாயி தன் சரக்கைக் கொடுக்காம திரும்ப எடுத்துக்கலாம். இதை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

4/
ஐ.பி.எல். ஏலத்துல ஒரு அணி இஷ்டத்துக்குச் செலவு பண்ண முடியாது. முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரரா இருந்தாலும் எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு. ஒருத்தரைத் தக்கவச்சா அவருக்கான தொகை அந்த வரம்புலேர்ந்து கழியும். மிச்சத்துலதான் மத்தவங்களை வாங்கணும்.

5/
அரசு மருத்துவமனையில வேலை பாக்குறவங்களுக்கு இது புதுசில்ல. 1995-லிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் நமக்கு மருந்து தருது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்னு ஒதுக்கீடு, அதுக்கு ஒரு பாஸ்புக். மருந்து எடுக்க எடுக்கக் கழியும். விலை கூடின ஒரே மருந்தை அள்ளிட்டா, மார்ச் மாசம் சாதாரண மருந்துக்கு இழுபறி. அந்த மருந்து நல்ல மருந்தாங்கறது அப்போ கேள்வியே இல்ல. அந்தப் பணத்துல வேற என்ன வந்திருக்கும்ங்கறதுதான் கேள்வி.

6/
இந்த உச்சவரம்பு யோசனை கிரிக்கெட்டில் பிறந்ததில்ல. அமெரிக்கக் கூடைப்பந்தில் என்.பி.ஏ. 1984-85 சீசன்ல ஒரு அணிக்கு 36 லட்சம் டாலர்னு வரம்பு கொண்டுவந்தது. கூடவே ஒரு சலுகையும் வச்சாங்க. தன்னோட சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க மட்டும் ஒரு அணி வரம்பைத் தாண்டலாம். பாஸ்டன் அணியின் லாரி பேர்ட் பேர்லயே அந்த விதிக்குப் பெயர் நிலைச்சிடுச்சு. அதாவது, ஊர்ப் பாசத்துக்குச் சட்டத்துலயே ஒரு ஜன்னல் திறந்து விட்டாங்க. ஐ.பி.எல்.லில் அந்த ஜன்னல் கிடையாது. பாசத்துக்கும் முழு விலை உண்டு.

7/
கூடைப்பந்துன்னதும் நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு பெரியகுளம் ஞாபகம் வந்திருக்கும். கோடை வந்தா அங்க அகில இந்தியப் போட்டி. இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., கடற்படைன்னு அணிகள் வரும். அந்த அணிகள்ல 'வச்சுக்கறதா, விடறதா'ங்கற கேள்வியே பெருசா எழாது. ஆட்டக்காரருக்கு வங்கியிலயோ ரயில்வேயிலயோ வேலை. முழங்கால் தேய்ஞ்சு ஆட முடியாமப் போனாலும் கவுன்ட்டர்ல உக்காந்து ஓய்வு வயசு வரைக்கும் சம்பளம் வாங்கலாம். தக்கவைப்புன்னா அங்க ஆயுசுக்கும் தக்கவைப்பு. ஐ.பி.எல். வந்தப்ப நம்ம மனசு அந்தப் பழைய உலகத்துலதான் இருந்துச்சு. கணக்கு மட்டும் புதுசு.

8/
2008 பிப்ரவரி 20, மும்பை. முதல் ஏலம். ஒவ்வொரு அணிக்கும் 50 லட்சம் டாலர். சச்சின், கங்குலி, டிராவிட், சேவாக், யுவராஜ் அஞ்சு பேரும் 'ஐகான்' வீரர்கள், ஏலத்துக்கே வரமாட்டாங்க, அந்தந்த ஊர் அணிக்குத்தான். ஆனா அந்த அணி ஏலத்துல வாங்குற அதிக விலை வீரரைவிட 15 சதவீதம் கூடுதலா ஐகானுக்குக் கொடுக்கணும்.

9/
இங்கதான் சென்னையின் முதல் புத்திசாலித்தனம். சென்னைக்கு ஐகான் கிடையாது. தோனிக்கு 15 லட்சம் டாலர் வரைக்கும் போனாங்க. மும்பையும் மோதுச்சு. ஆனா மும்பை 15 லட்சத்துக்கு தோனியை எடுத்தா சச்சினுக்கு 17.25 லட்சம். ரெண்டு பேருக்கே 32 லட்சத்துக்கு மேல போயிடும். மிச்சம் 18 லட்சத்துல ஒரு முழு அணியைக் கட்டணும். மும்பை கையை இறக்கிடுச்சு. நட்சத்திரம் இல்லாததுதான் சென்னைக்கு நட்சத்திரத்தைக் கொண்டுவந்தது.

10/
ஹைதராபாத்ல இன்னொரு கதை. லக்ஷ்மண் தனக்கு ஐகான் அந்தஸ்தே வேண்டாம்னு விட்டுக்கொடுத்தார், அணிக்கு ஏலத்துல பணம் மிஞ்சட்டும்னு. அந்த அணி 2008-ல கடைசி இடம், 2009-ல கோப்பை. மிச்சம் பிடிச்ச பணத்தோட பலனை முதல் வருஷத்துலயே அளக்கக்கூடாதுங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

11/
2011 பெரிய ஏலம். வரம்பு 90 லட்சம் டாலர். நாலு பேரைத் தக்கவச்சா 45 லட்சம் போயிடும், சரிபாதி. சென்னை நாலு பேரையும் வச்சுக்கிச்சு: தோனி, ரெய்னா, முரளி விஜய், ஆல்பி மோர்கல். அப்போ அவங்க வயசு 29, 24, 26, 29. சராசரி 27. நல்லா விளையப்போற வருஷங்களுக்குத்தான் பணம் கட்டினாங்க.

12/
அதே நேரத்துல அஸ்வினை விட்டாங்க. விட்டாங்கன்னா கைகழுவல. ஏலத்துக்கு அனுப்பி 8.5 லட்சம் டாலருக்குத் திரும்ப வாங்கினாங்க. இறுதிப் போட்டியில முதல் ஓவர்லயே கெயிலை டக் அவுட் ஆக்கினது அவர்தான். அதே ஆட்டத்துல தக்கவச்ச விஜய் 52 பந்துல 95. 'விடறது'ன்னா 'இழக்கறது'ன்னு அர்த்தமில்லைன்னு சென்னை அன்னைக்கே கத்துக்கிச்சு.

13/
கொல்கத்தா அதுக்கு நேர் எதிர். ஒருத்தரையும் தக்கவைக்கல. கங்குலியையே விட்டாங்க, ஏலத்துல யாரும் அவரை வாங்கவும் இல்ல. ஊர் கொந்தளிச்சது. அந்தப் பணத்துல கம்பீர் 24 லட்சம், யூசுப் பதான் 21 லட்சம். அடுத்த வருஷமே, 2012 மே 27, நம்ம சேப்பாக்கத்துலயே நம்மளைத் தோற்கடிச்சு கோப்பையைத் தூக்கிட்டுப் போனாங்க. ரெண்டு வழியிலயும் கோப்பை வரும் பாருங்க.

14/
இப்ப ஐயாவோட ஆளுக்கு வருவோம். 2012 ஏலத்துல ஒரு அணி செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 20 லட்சம் டாலர். சென்னை அந்த முழுத் தொகையையும் 23 வயசு ரவீந்திர ஜடேஜா ஒருத்தருக்கே கட்டினது. டெக்கானும் அதே 20 லட்சம் சொன்னதால சமன்முறிவு வரைக்கும் போய் வாங்கினாங்க. இன்னைக்கு ஜடேஜாவை நேசிக்கிறவங்க ஒண்ணை மறக்கக்கூடாது. அவர் சென்னைக்கு வந்ததே, யாருக்கோ கட்டாம மிச்சம் வச்சிருந்த பணத்தாலதான்.

15/
2014: தோனி, ரெய்னா, அஸ்வின், ஜடேஜா, பிராவோ. 60 கோடியில 39 கோடி இந்த அஞ்சு பேருக்கே, 65 சதவீதம். சராசரி வயசு 28. அந்த வருஷம் மூணாவது இடம், அடுத்த வருஷம் இறுதிப் போட்டி. பெரிய பூட்டுதான், ஆனா உள்ள இருந்தது இளமை.

16/
2018, ரெண்டு வருஷத் தடைக்குப் பிறகு. தோனி 15, ரெய்னா 11, ஜடேஜா 7. மொத்தம் 33 கோடி, 80-ல 41 சதவீதம். அஸ்வின் ஏலத்துல பஞ்சாபுக்கு 7.6 கோடிக்குப் போயிட்டார். நம்ம ஊர்ப் பையனை விட்டுட்டாங்களேன்னு நானும்தான் புலம்பினேன்.

17/
ஆனா கணக்கைப் பாருங்க. ராயுடு 2.2 கோடி, வாட்சன் 4 கோடி, இம்ரான் தாஹிர் 1 கோடி. மூணும் சேர்ந்து 7.2 கோடி. அஸ்வின் ஒருத்தர் விலையைவிடக் குறைவு. ராயுடு அந்த சீசன்ல 602 ரன். வாட்சன் இறுதிப் போட்டியில 117 நாட் அவுட். தாஹிர் அடுத்த வருஷம் 26 விக்கெட் எடுத்து தொடர்லயே முதலிடம். மூணு பேரும் வயசானவங்கன்னு சந்தை மலிவா விட்டது. சென்னை வாங்கினது வயசை இல்ல, விலைக்கும் திறமைக்கும் நடுவுல இருந்த இடைவெளியை.

18/
2022. ஜடேஜா 16, தோனி 12, மொயீன் அலி 8, ருதுராஜ் 6. மொத்தம் 42 கோடி, 90-ல. தக்கவச்சப்போ சராசரி வயசு 32-க்கு மேல. மிச்சத்துல தீபக் சாஹருக்கு 14 கோடி. அவர் காயத்தால அந்த சீசன் ஒரு பந்துகூடப் போடல. முந்தைய சீசன்ல 633 ரன் அடிச்ச டூ பிளெஸ்ஸி 7 கோடிக்கு பெங்களூரு போயிட்டார். ஒரே சிறப்பு மருந்துக்கு பாஸ்புக்கைக் காலி பண்ணின கதை. பத்து அணியில ஒன்பதாவது இடம்.

19/
சரி, அப்போ தக்கவச்சது தப்புன்னு எழுதி மூடிடலாமா? முடியாது. அடுத்த வருஷம், 2023 மே 30, நள்ளிரவு தாண்டி அகமதாபாத். கடைசி ரெண்டு பந்துல 10 ரன். ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். அடிச்சது அந்த 16 கோடி ஜடேஜா. அதே சீசன்ல 16.25 கோடிக்கு வாங்கின ஸ்டோக்ஸ் ஆடினது ரெண்டு ஆட்டம். 50 லட்சத்துக்கு வந்த ரஹானே 326 ரன். அஞ்சாறு ஏலத்தை வச்சு 'இதுதான் விதி'ன்னு சொன்னா, ஆறு நோயாளியைப் பாத்துட்டு மருந்தைச் சிபாரிசு பண்ற மாதிரி ஆயிடும்.

20/
2024 அக்டோபர் 31. வரம்பு 120 கோடி. ருதுராஜ் 18, ஜடேஜா 18, பதிரனா 13, துபே 12, தோனி 4. மொத்தம் 65 கோடி, பாதிக்கு மேல. ஜடேஜாவுக்கு அப்போ 35 முடிஞ்சு 36 நடக்குது. தோனிக்கு ஏன் 4 கோடி மட்டும்? அஞ்சு வருஷமா சர்வதேசப் போட்டி ஆடாதவங்களை 'சர்வதேச வாய்ப்பு பெறாதவர்' கணக்குல வைக்கலாம்னு விதி வந்தது. உலகக் கோப்பை வாங்கின கேப்டன் காகிதத்துல புதுமுகம்!

21/
4 கோடிக்கு தோனி, மலிவுதானேன்னு எல்லாரும் சொன்னாங்க. இங்கதான் நான் மாறுபடுறேன். ஒரு அணிக்கு வரம்பு ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு 120 கோடி. இன்னொண்ணு பதினோரு இடம். முதல் வரம்புல 4 கோடி சின்னத் தொகை. ரெண்டாவது வரம்புல ஒரு இடம்னா ஒரு இடம்தான், தள்ளுபடி கிடையாது. ஐசியூ கட்டில் மாதிரி. மருந்துச் செலவு கம்மிங்கறதுக்காகக் கட்டில் ரெண்டாயிடாது.

22/
2025 மார்ச் 28, சேப்பாக்கம், பெங்களூருக்கு எதிரா. அஸ்வின் முன்னாடி போறார், தோனி ஒன்பதாவதா வர்றார். 16 பந்துல 30 நாட் அவுட். 50 ரன்ல தோல்வி. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்துல பெங்களூரு நம்மளை ஜெயிச்சது அன்னைக்குத்தான். தோனி மேல இன்னைக்கும் எனக்கு உசிர். ஆனா அன்னைக்கு அந்த இடத்துல இன்னொருத்தர் ஆடியிருக்கலாமேன்னு தோணுச்சு. தோணினதைச் சொல்லித்தான் ஆகணும்.

23/
அந்த சீசன் கடைசி இடம், சென்னை வரலாற்றுல முதல் தடவை. 9.75 கோடிக்குத் திரும்ப வந்த அஸ்வின் 9 ஆட்டத்துல 7 விக்கெட், ஆகஸ்ட்ல ஐ.பி.எல்.லுக்கே விடைகொடுத்தார். ஆனா அதே சீசன்ல ஒண்ணு நடந்துச்சு. ருதுராஜ் காயத்துல வெளிய போனதும் 17 வயசு ஆயுஷ் மாத்ரே வந்தார். நம்ம குர்ஜப்னீத் சிங் காயத்துல விலக, பிரேவிஸ் வந்தார். ரெண்டு பேரும் வெளுத்து வாங்கினாங்க. அவங்க வந்தது யாரோட தொலைநோக்காலயும் இல்ல, இடம் காலியானதால.

24/
2025 நவம்பர் 15. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு. சாம்சன் 18 கோடி. ஜடேஜா தன் தொகையை 18-லிருந்து 14-ஆக் குறைச்சுக்கிட்டுப் போனார். பரிமாற்றத்துல மட்டும் சென்னைக்கு மிச்சம் வெறும் 2.4 கோடி. ஐயா கவனிங்க, பணத்துக்காக வித்தாங்கங்கறது பாதி உண்மைதான். மாத்தினது வருஷத்தை. 37-ஐத் தொடுறவரைக் கொடுத்து 31 வயசுக்காரரை வாங்கினாங்க.

25/
பெரிய மிச்சம் வேற இடத்துலேர்ந்து வந்தது. பதிரனாவை விட்டாங்க, 13 கோடி. அஸ்வின் போனதுல 9.75. இப்படிச் சேர்ந்து 43.4 கோடியோட டிசம்பர் 16 அபுதாபி ஏலத்துக்குப் போனாங்க. பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ரெண்டு இளைஞர்களுக்கும் தலா 14.2 கோடி. பிரசாந்த் வீர் யார்? இடதுகை சுழல், இடதுகை பேட்டிங், 20 வயசு. 2012-ல 23 வயசு ஜடேஜாவுக்கு மொத்தப் பணத்தையும் கட்டின அதே சூதாட்டம். பதிரனாவை கொல்கத்தா 18 கோடிக்கு வாங்கிடுச்சுங்கறதையும் சேர்த்தே எழுதணும். விடறதுல இழப்பும் உண்டு.

26/
ஆக என் முடிவு. ஜடேஜாவை 2025-ல விட்டது சரி. 2012-லயும் 2014-லயும் 2018-லயும் கட்டினது இன்னும் சரி. தப்பு நடந்தது 2024-ல. 13 வருஷத்து நன்றிக்கடனை அடுத்த மூணு வருஷத்து ஆட்டத்துக்கான தொகையா எழுதினாங்க. 2025-ல அவர் மோசமா ஆடல, 301 ரன், 10 விக்கெட். ஆனா ஏலத் தொகைங்கறது செஞ்சதுக்குப் பரிசு இல்ல, செய்யப்போறதுக்கு முன்பணம். நன்றிக்கு வேற வழிகள் இருக்கு. பெரியகுளத்துல ஆடுற வங்கி அணிகளுக்கு அது தெரியும்.

27/
ஆனா ஐயாவோட கோபத்துல ஒரு நியாயம் இருக்கு. அதைச் சொல்லாம முடிக்க மாட்டேன். 2022 பிப்ரவரி. சென்னைக்காக 4,687 ரன் அடிச்ச ரெய்னா பேர் ஏலத்துல வருது. 2021-ல அவர் 12 ஆட்டத்துல 160 ரன்தான். கணக்குப்படி வாங்காதது சரி. ஆனா ஒரு கைகூட உயரல, சென்னையும் உயர்த்தல. அறை முழுக்க அமைதி. டிவியில பாத்துக்கிட்டிருந்த எனக்கே தொண்டை அடைச்சது.

28/
3-ஆவது பதிவுல சொன்னது ஞாபகம் இருக்கா? போடி ஏல மையத்துல விலை கட்டலைன்னா விவசாயி மூட்டையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். ஆட்டக்காரருக்கு அந்த வசதி இல்ல. தன் விலையை நாடே பாக்க, நின்னு கேட்டுக்கணும். ஒருத்தரை விடறது தப்பில்ல. விடறதுக்கு முன்னாடி கூப்பிட்டு உக்காரவச்சு, மூஞ்சிக்கு நேரா சொல்றதுதான் மரியாதை. கெட்ட செய்தி சொல்றது எங்க வேலையில தினசரி. செய்தி கெட்டதா இருக்கறதைவிட, அது யார் வாயாலயோ காத்துவாக்குல வர்றதுதான் குடும்பங்களை உடைக்குது.

29/
ஏலத்தோட்டத்துல வேலை செஞ்சவங்களுக்கு இது தெரியும். காய்ச்சு முடிஞ்ச தண்டை வெட்டி எடுப்பாங்க, தூரைத் தொடமாட்டாங்க. பழைய தண்டு நின்னா புதுக்குருத்துக்கு வெளிச்சம் வராது. அதுக்காக அந்தத் தண்டு காய்க்கலன்னு யாரும் சொல்றதில்ல.

30/
அடுத்த மாசம் மாத்திரைக்கு ஐயா வருவார். இதையெல்லாம் சொல்ல நேரம் இருக்காது. "எட்டாம் நம்பர் பனியனைக் கழட்டாதீங்க, ஆனா விட்டது சரிதாங்கய்யா"ன்னு மட்டும் சொல்லலாம்னு இருக்கேன். ஒத்துக்க மாட்டார். ஒத்துக்கலைன்னாலும் பரவால்ல, பி.பி. ஏறாம இருந்தா சரி.

நீங்களா இருந்தா 2024-ல யாரை விட்டிருப்பீங்க? கீழ சொல்லுங்க.